சின்னவள் லைசென்ஸ் வாங்கிய கதை

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. நடந்ததைச் சொல்லச் சொன்னால் சொல்வேன். அவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. நான் அந்த வீட்டுக்கு மூத்த மருமகள், அவள் இளையவள். அதனால் நான் பெரியவள், அவள் சின்னவள். இப்போது அவளுக்குத் தலை முழுக்க வெளுத்துவிட்டது, மேல்வரிசையில் பல் போய்விட்டது, மூட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு நடக்கிறாள். ஆனாலும் தெருவில் யாரைக் கேட்டாலும் சின்னவள்தான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டே அவள் ஊரை ஏமாற்றினாள்.

முதலில் அது ஒரே வீடு. மாமனார் கண்ணை மூடியதும் அண்ணனும் தம்பியும் நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். ஒற்றைக்கல் சுவர். அவள் வெங்காயம் நறுக்கினால் எனக்குக் கேட்கும். நான் கொட்டாவி விட்டால் அவளுக்குக் கேட்கும். தெருவைப் பார்த்த பெரிய முன்னறை அவர்கள் பங்குக்குப் போயிற்று. கொழுந்தன் அதில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களுக்குக் கிடைத்தது நீளமான இருட்டு வீடு. அந்த முன்னறையை நான் என்றைக்கும் மறக்கவில்லை, என் மகனும் மறக்கவில்லை. இதை ஒளிப்பானேன்?

கல்யாணமாகி வந்த புதிதில் அவள் வாயே திறக்க மாட்டாள். ஊமைப் பெண்ணைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது. அவள் சண்டை போட மாட்டாள், மூட்டிவிடுவாள். அதுவும் கோள் சொல்லி இல்லை. ஒரு நாள் நாங்கள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம். குழம்பை ஊற்றிக்கொண்டே மாமியாரிடம் மெதுவாக, "இன்னிக்கு உப்பு சரியா இருக்கு அத்தை" என்றாள். அன்றைக்குச் சமைத்தது அவள். முந்தின நாள் சமைத்தது நான். அவ்வளவுதான். மாமியார் என்னைப் பார்த்தார், நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் அம்மாவுக்குப் பரிந்து பேசினார். பாத்திரம் பறந்தது. அவள் பாட்டுக்குத் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

கொழுந்தன் நல்லவன். நல்லவன் என்பதாலோ என்னவோ சீக்கிரம் போய்விட்டான். அவள் அழுதாள், அழுது முடித்தாள், பெரிய ஹோட்டல் ஒன்றில் கண்ணாடி டம்ளர் கழுவும் வேலைக்குப் போனாள். ஹோட்டலின் மது அறையில்! சொந்தக்காரர்களிடம் நாங்கள் "ஹோட்டல் சமையல்கட்டில் வேலை" என்றுதான் சொல்லிவந்தோம். அவள் அந்த மானத்தையும் விட்டுவைக்கவில்லை. யாராவது கேட்டால், "சமையல்கட்டு இல்லீங்க, பார். குடிச்ச கிளாஸ் கழுவுறேன். உதட்டுச் சாயம் லேசுல போகாது, அதுக்குத்தான் கை இப்படி இருக்கு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள். சுடுதண்ணீரில் வெந்து வெந்து அந்தக் கை எப்போதும் ஊறின பருப்பு மாதிரி இருக்கும். அந்தக் கையோடுதான் மகனைப் படிக்கவைத்து வேறு ஊருக்கு வேலைக்கு அனுப்பினாள். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே பாவம்.

மாமியாரும் என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்த பிறகு ஹோட்டலில் டம்ளர் கழுவ மெஷின் வந்தது. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகன் கூப்பிட்டான். போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். அங்கே மருமகள், ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் கேட்டுவிட்டுத் திறக்க வேண்டும் என்றாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று மகனிடம் போனில் சொன்னாள், எனக்குக் கேட்டது.

"அங்க வந்து நான் இருக்கறதுக்குப் பதிலா ரோட்ல நிப்பேன்டா. சாப்பாட்டுக்கு ஒரு வழி பண்ணிக்கறேன். முடியலன்னா வரேன். முடியற வரைக்கும் வர மாட்டேன்."

அவளுக்கு முடியக் கூடாது என்று நாங்கள் காத்திருந்தோம். என் மகனும் அவள் மகனும் ஏற்கனவே பேசி வைத்திருந்தார்கள். சித்தி ஊரை விட்டுப் போனதும் அவர்கள் பங்கு எங்களுக்கு. சுவரை உடைத்துவிட்டு முன்னறையில் டைல்ஸ் கடை போடுவதாக என் மகன் திட்டம். எந்த டைல்ஸ் எந்தச் சுவரில் என்பது வரைக்கும் மனசுக்குள் ஒட்டிவிட்டான்.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் தச்சன் வந்து அவள் முன்கதவைக் கழற்றினான். எங்கள் தெருத் தச்சன் இல்லை, வேறு எங்கிருந்தோ வந்தவன். நான் வாசலுக்கு வந்தேன்.

"என்னடி, நல்லா இருக்கிற கதவைப் பிடுங்குறே?"

"வெளிப்பக்கமா திறக்கணுமாம் அக்கா. தீப்பிடிச்சா ஜனம் முட்டிக்காம ஓடறதுக்கு."

"எந்த ஜனம்?"

"வர்ற ஜனம்."

"எதுக்கு வருது?"

"குடிக்க. பாட்டுக் கேக்க." பால் வாங்கப் போகிறேன் என்கிற மாதிரி சொன்னாள். "லைசென்ஸுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். தெரிஞ்ச தொழில் அது ஒண்ணுதான் எனக்கு."

எனக்குத் தலையில் ஏறிவிட்டது. "குடும்பம் இருக்கிற இடத்துல சாராயக்கடையா? நாளைக்கு என் பேத்தியை யாரு பொண்ணு கேட்டு வருவா?"

"குடிக்காதவன் வருவான். வடிகட்டி எடுத்துக்கலாம் இல்ல?" என்றாள். தச்சன் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு சிரித்தான். அவனையும் சேர்த்துத் திட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

இரண்டொரு நாளில் அவள் கதவில் மஞ்சள் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. என் மகன் படித்துச் சொன்னான். இந்த இடத்தில் மது விற்கவும் பாட்டு நடத்தவும் அனுமதி கேட்கப்பட்டிருக்கிறது, அக்கம்பக்கத்தார் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று. கெடு முடிகிறவரை அந்தக் காகிதம் கதவிலேயே இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். அவன் அதைப் படித்துச் சொன்ன மறுநாளே காகிதம் கிழிந்திருந்தது. யார் கிழித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் இன்னொன்று வாங்கிவந்து ஒட்டினாள். அதுவும் கிழிந்தது. அடுத்ததை ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கமாகத் தெருவைப் பார்க்க ஒட்டிவிட்டு, ஜன்னலைப் பூட்டிக்கொண்டாள். இனி கிழிக்க வேண்டுமானால் கண்ணாடியை உடைக்க வேண்டும். கண்ணாடியை உடைக்கிற தைரியம் எங்கள் தெருவில் எவனுக்கும் இல்லை. வாய்தான் எல்லோருக்கும்.

தெரு அவளை என்ன பாடு படுத்தியது என்று கேட்டால், ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அவள் வாசல்படியில் சாக்கடைச் சேற்றைக் கொட்டினார்கள். கழுவினாள். திரும்பக் கொட்டினார்கள். கழுவின தண்ணீரைக் கொட்டினவன் வீட்டு வாசல் பக்கமாகவே ஓடவிட்டாள். இஸ்திரிக்காரன் அவள் துணியை வாங்க மாட்டேன் என்றான். கசங்கின துணியோடே நடந்தாள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்தான் எதிர்ப்புக்குத் தலைவர். அந்த மனிதருக்கு இன்னும் பஸ்ஸில் நிற்கிற நினைப்பு. நாலு பேர் சேர்ந்து நின்றால் போதும், "உள்ள போங்க, உள்ள போங்க, வழியை விடுங்க" என்பார். வேலையில் இருந்தபோது சொந்த மச்சானையே டிக்கெட் இல்லை என்று பாதி வழியில் இறக்கிவிட்டவர். அவர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். முதல் ஆளாக நான் கட்டைவிரலை வைத்தேன்.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்று கழிவறை கட்டியிருந்தாள். பின்பக்கம் ஒரு வழி விட்டிருந்தாள். மணல் வாளி, தீயணைக்கிற சிவப்பு உருளை, எல்லாம் இருந்தன. எதிலும் அவளைப் பிடிக்க முடியவில்லை. கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. சத்தம்.

அதைப் பற்றி என் மகன் போய் விசாரித்துக்கொண்டு வந்தான். முகமெல்லாம் பல்.

"அம்மா, ஒட்டின வீடு நம்மளோடதுதான். நம்ம வீட்டுக்குள்ள மெஷினை வெச்சுத்தான் அளப்பாங்க. முதல்ல அங்க பாட்டு இல்லாம, நம்ம ரூம்ல சாதாரணமா எவ்வளவு சத்தம்னு பார்ப்பாங்க. அப்புறம் அங்க முழுச் சத்தத்துல பாட விட்டு, திரும்ப இங்க பார்ப்பாங்க. ரெண்டாவது பெருசா இருந்தா சித்திக்கு லைசென்ஸ் கிடையாது."

"இந்தச் சுவருக்கு அவ இருமினாலே கேக்குமேடா."

"அதான் சொல்றேன். நாம பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. முதல் தடவை அளக்கறப்ப வாயைத் திறக்கக் கூடாது. ஒரு ஈ பறந்தாலும் அது சித்திக்கு லாபம்."

அளக்கிற அன்று மாலை எங்கள் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தினோம். ஃபிரிட்ஜ் ஒயரைப் பிடுங்கினோம். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தோம். பிள்ளைகளை மருமகளின் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நான், என் மகன், மருமகள் மூன்று பேரும் வேர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சத்தம் அளக்கிறவர் வந்தார். ஒல்லியான ஆள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, பூனை மாதிரி நடந்து வந்து, மூன்று கால் தாங்கி ஒன்றை நடுக்கூடத்தில் விரித்து, அதன் உச்சியில் கறுப்புப் பஞ்சு மாட்டின கருவியை வைத்தார். மனுப் போட்டவள் என்ற முறையில் சின்னவளும் கூடவே வந்து நிலைப்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை. நானும் வா என்று சொல்லவில்லை.

"இந்த வீட்டுக்குப் பொறுப்பு யாரு? அவங்க பேரைக் குறிச்சுக்கணும்" என்றார் அந்த ஆள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக, எவ்வளவு அன்பாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு அன்பாகச் சொன்னாள்:

"அக்காவைத் தொந்தரவு பண்ணாதீங்க சார். பாவம், வயசாயிடுச்சு. இப்ப வீடு மருமக கையிலதான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஆள் மருமகள் பெயரைக் கேட்டார். அவளும் சொன்னாள். சொல்லலாமா என்று என் முகத்தை ஒரு தடவை பார்க்கக்கூட இல்லை, நேராகச் சொன்னாள். அவர் குறித்துக்கொண்டு கருவியின் பொத்தானை அழுத்தினார். "நான் இதை ஓட விட்டுட்டு வெளியே நிக்கறேன். நான் மூச்சு விட்டாக்கூட இதுல ஏறும். நீங்க எப்பவும் போல இருங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

நாங்கள் எப்பவும் போல இருந்தோம்.

முதலில் நான் குசுகுசு என்றுதான் கேட்டேன். சத்தியமாகக் குசுகுசுதான். "பார்த்தியா, சின்னவ என்ன சொல்லிட்டுப் போறான்னு? 'இல்ல, அத்தைதான்'னு உன் வாயில ஒரு வார்த்தை வந்துச்சா?"

அவளும் குசுகுசுவென்றே, "எதுக்கு வரணும்? பொய்யா சொன்னாங்க?" என்றாள்.

"ஷ்ஷ்" என்றான் மகன்.

"யாரைப் பார்த்து ஷ்ஷுங்கிறே? அவளைச் சொல்லு."

"அவர் உங்களைத்தான் சொன்னார் அத்தை."

"என் வீட்டுல என்னையா?"

"உங்க வீடுதான். யாரு இல்லன்னா? விடியறதுக்கு முன்னாடி எழுந்து தண்ணி பிடிக்கிறது நான். சமைக்கிறது நான். உங்க முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறது நான். பொறுப்பு யாருன்னு கேட்டா மட்டும் நீங்க!"

"தைலம் தேய்ச்சதைச் சொல்லிக் காட்டுறியா? உன் பிரசவத்துக்கு உங்கம்மா வந்து எட்டிப் பார்த்தாளா? உன்னைத் தூக்கி உட்காரவெச்சது இந்தக் கை!"

"எங்கம்மாவை இழுக்காதீங்க!"

"இழுப்பேன்! உப்பு ஜாடியை மேல் தட்டுக்கு மாத்தினவ யாரு? எனக்கு எட்டக் கூடாதுன்னுதானே?"

"எறும்பு வருதுன்னு மாத்தினேன்!"

"எறும்புக்குக் கீழ்த்தட்டு, எனக்கு மேல்தட்டா!"

அவள் எழுந்து போய்ச் சமையல்கட்டிலிருந்து சாவிக்கொத்தைக் கொண்டுவந்து என் முன்னால் எறிந்தாள். அது தட்டில் விழுந்தது, தட்டு உருண்டது, செம்பைத் தட்டிவிட்டது. அப்போதுதான் என் மகன் எழுந்தான். ஈ பறக்கக் கூடாது என்று சொன்ன அதே மகன்.

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்!"

எதிர்வீட்டு நாய் குரைத்தது. அன்று அந்த வீட்டில் எழுந்த சத்தத்தில் பெரிய சத்தம் அவனுடையதுதான். இதை நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

கதவு திறந்தது. அளக்கிறவர் தலையை நீட்டினார். "முதல் அளவு முடிஞ்சுது" என்றார் மரியாதையாக. "அடுத்தது அங்க பாட ஆரம்பிப்பாங்க. நீங்க இப்படியே இருங்க."

இப்படியே எங்கே இருப்பது? நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். மருமகள் சமையல்கட்டு வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மகன் தலையில் கையை வைத்துக்கொண்டான். யாரும் யாரோடும் பேசவில்லை. ஊசி விழுந்தால் கேட்கும். சின்னவள் அழைத்துவந்திருந்த ஹோட்டல் பாடகர், வழுக்கைத் தலையர், முன்னறையில் முழுத் தொண்டையில் பாடினார். கூட ஒரு மின்சார ஆர்கனும் ஒரு டிரம்மும். சுவர் வழியாக வரத்தான் செய்தது. என்ன பாட்டு என்று கேட்காதீர்கள். என் காதில் சாவிக்கொத்து விழுந்த சத்தம்தான் இருந்தது.

முடிந்ததும் அந்த ஆள் கருவியைப் பார்த்தார். ஒரு தடவை தட்டினார். திரும்பப் பார்த்தார்.

"என்ன சார்?" என்றான் மகன்.

"பாட்டு இருந்தப்ப இந்த ரூம்ல சத்தம் கம்மியா இருக்கு சார்."

விசாரணை நாளன்று தெருவே திரண்டு அந்த ஆபீசுக்குப் போயிற்று. நீளமான மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி அம்மாள், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தாள். மகன் எழுந்து, அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்தது என்றும் நடக்காத விஷயம், அந்த அளவைக் கணக்கில் எடுக்கக் கூடாது, திரும்ப அளக்க வேண்டும் என்றான். நன்றாகத்தான் பேசினான்.

அதிகாரி எங்கள் பக்கம் பார்த்தாள். "ஆட்சேபணை சொன்னவங்கள்ல இவங்க வீட்டுக்கு எதிர்ல இருக்கிறவர் யாரு?"

கண்டக்டர் எழுந்தார்.

"நீங்க சொல்லுங்க. அந்த வீட்ல அப்படிச் சத்தம் அன்னிக்கு மட்டுமா, இல்ல வழக்கமாவா?"

அவர் எங்களைப் பார்த்தார். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். மகன் தொண்டையைக் கனைத்தான். அந்த மனிதர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"பார் வேண்டாம்னுதான் நான் கையெழுத்து வாங்கினேன் மேடம். இப்பவும் வேண்டாம்னுதான் சொல்றேன். ஆனா பொய் சொல்லிப் பழக்கம் இல்ல. அந்த வீட்ல காலைல ஒரு ட்ரிப், சாயங்காலம் ஒரு ட்ரிப். லீவு நாள்னா ஸ்பெஷல்."

மொத்த அறையும் சிரித்தது. எங்களோடு வந்த எங்கள் தெருக்காரர்களே சிரித்தார்கள். மருமகள் என் பக்கத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி சின்னவளைக் கேட்டாள், நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று. அவள் எழுந்து நின்றாள். அதே கசங்கின புடவை.

"அந்தச் சத்தத்துக்கு நடுவுலதான் நான் இத்தனை வருஷமா தூங்கினேன் அம்மா. ஒரு நாளாவது ஆட்சேபணைன்னு எழுதிக் குடுத்தேனா?"

லைசென்ஸ் கொடுத்துவிட்டார்கள். நிபந்தனைகள் போட்டுத்தான் கொடுத்தார்கள். ராத்திரி இந்த நேரத்துக்குமேல் கூடாது, சின்னப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று ஏதேதோ. அதில் ஒன்று எங்களுக்காக. ஒட்டின வீட்டில் குடியிருப்பவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப அளக்கச் சொல்லிக் கேட்கலாம். அப்போது வித்தியாசம் பெரிதாக இருந்தால் லைசென்ஸ் ரத்து. அதை வாசிக்கும்போது சின்னவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் பெட்டியை எடுத்தாள். "அத்தனை பேர் முன்னாடி ட்ரிப் கணக்குச் சொல்லிச் சிரிச்சாங்க. இனிமே இந்தத் தெருவுல நான் தலை காட்ட மாட்டேன்" என்றாள். மகன் அவளோடு பேசிப் பார்த்தான், என்னோடு பேசிப் பார்த்தான். நான் போகாதே என்று சொல்லவில்லை. அவள் போகிறேன் அத்தை என்று சொல்லவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெரிய ரோட்டுப் பக்கம் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

வீடு அமைதியாகிவிட்டது. அப்போதுதான் தெரிந்தது அந்தச் சுவர் எவ்வளவு ஒல்லி என்று. சின்னவளுக்குக் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. நாங்கள் பயந்த மாதிரி ரௌடிகள் இல்லை. வேலை முடிந்து வருகிறவர்கள், பெண்டாட்டியோடு வருகிறவர்கள், ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டுப் போகிறவர்கள். அளவுக்கு மீறினவனை அவளே தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விடுவாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் பாட்டு? ஐயோ! அந்த வழுக்கைத் தலையர் மேல்ஸ்தாயிக்குப் போனால் என் அலமாரியில் டம்ளர் அதிரும். இருட்டுகிற நேரத்தில் கண்ணை மூடினால் அந்தக் கூட்டத்துக்கு நடுவே கட்டில் போட்டுப் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். பிடிக்கவில்லை. துளிகூடப் பிடிக்கவில்லை.

ஒரு மதியம் மகன் வந்தான். கையில் ஒரு காகிதமும் மைப் பெட்டியும்.

"அம்மா, இதுல ஒரு விரல் வை. திரும்ப அளக்கச் சொல்லி மனு. இப்ப வீட்ல நீ மட்டும்தான். இப்ப அளந்தாங்கன்னா சித்தி கதை முடிஞ்சுது."

"முடிஞ்சு?"

"ஊருக்குப் போயிடுவாங்க. அவங்க பையன்கிட்ட பேசிட்டேன். சுவரை உடைச்சிடலாம். நாங்க எல்லாரும் திரும்பி வந்துடறோம். பேத்தி உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

எனக்கு நெஞ்சு இளகியது. பேத்தியைச் சொன்னால் இளகாதா? விரலை நீட்டவே செய்தேன். மை தொடும் முன்னால் ஒன்று கேட்டேன்.

"வந்தா, சாவி யார்கிட்ட இருக்கும்?"

அவன் சிரித்தான். "இன்னும் அதையே பிடிச்சுக்கிட்டு இருக்கியா? அவளே பார்த்துக்கட்டும்மா. அந்த நிபந்தனையிலதான் வரேன்னே சொல்றா. உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்? பின்னால ரூம்ல உனக்கு ஒரு கட்டில் போட்டு, டி.வி. வெச்சுக் குடுத்துடறேன். ராணி மாதிரி இரு."

விரலை மடக்கிக்கொண்டேன்.

"என்னம்மா?"

"காகிதத்தை எடுத்துக்கிட்டுப் போ."

"உனக்கு அந்தச் சத்தம் பிடிக்குதா?"

"பிடிக்கல."

"சித்தியைப் பிடிக்குதா?"

"அவளைக் கண்டாலே எரியுது."

"அப்புறம் என்னதான் வேணும் உனக்கு?"

"இந்த வீட்டுக்குப் பொறுப்பு நான். எரிச்சலும் என் பொறுப்பு. சுவர் இருக்கட்டும். பேத்தியைக் கூட்டிக்கிட்டு வா, சோறு ஆக்கிப் போடறேன். உன் பெண்டாட்டியும் வரட்டும், சாப்பிட்டுட்டுப் போகட்டும். காகிதம் மட்டும் வேண்டாம்."

அவன் கத்தினான். நான் பதிலுக்குக் கத்தினேன். கருவி இருந்திருந்தால் உடைந்திருக்கும். கடைசியில் மைப் பெட்டியை மறந்துவிட்டுப் போனான். நான் அதைக் குப்பையில் போட்டேன்.

சாயங்காலம் வாசலில் நின்றிருந்தேன். சின்னவள் வெளியே வந்தாள். கையில் ஒரு டம்ளர், தோளில் ஒரு துணி. டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"கேட்டுச்சு."

"கேக்கட்டும்னுதான் பேசினேன்."

"எனக்காக ஒண்ணும் பண்ணல இல்ல நீங்க?"

"உனக்காகவா? உனக்காக இந்த விரலை அசைப்பேனா நான்?"

"அப்ப சரி. நன்றி சொல்லணுமோன்னு பயந்தேன்."

"சொல்லித்தான் பாரேன். நாளைக்கே அளக்கறவனைக் கூப்பிடறேன்."

அவள் டம்ளரைத் திருப்பிப் பிடித்து ஊதினாள். "இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி வரும் அக்கா. சத்தம் இருக்கும்."

"இருந்தா சுவரைத் தட்டுவேன்."

"தாளம் தப்பாம தட்டுங்க. பாடறவருக்கு உதவியா இருக்கும்."

இதுதான் அவள். பல் போன வாயில் ஒரு சிரிப்பு வேறு. அவளுக்கு நான் நல்லது செய்துவிட்டேன் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். கண்டக்டர்கூட வந்து, "பெரிய மனசும்மா உங்களுக்கு" என்றார். உள்ளே போங்க, உள்ளே போங்க என்று அவரை அவர் வீட்டுக்கே அனுப்பினேன். பெரிய மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் அந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் என்னை யாரும் பின்னறைக்கு அனுப்ப முடியாது. அவளுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் அன்று ராத்திரி வழுக்கைத் தலையரை அவ்வளவு சத்தமாகப் பாடவிட்டாள்.

அன்றைக்குத் தட்டினேன். இன்றைக்கும் தட்டுகிறேன். சுண்ணாம்பு உதிர உதிரத் தட்டுவேன். கைநாட்டு மட்டும் வைக்க மாட்டேன்.